ஷேமுவா: ஏழு கணினிக்கும் ஒரே டாட்ஃபைல்

சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) போட்டு நுழைந்ததும் கை தானாகக் கண்ட்ரோல்-ஏ அழுத்தும், அங்கே இருக்கிற, டெர்மினலைப் பல திரைகளாகப் பிரிக்கும் டீமக்ஸுக்கோ கண்ட்ரோல்-பி மட்டும்தான் தெரியும். விம் எடிட்டரைத் திறந்தால் டேப் எட்டு இடம் தள்ளி நிற்கும். மேக் ஒன்று, உபுண்டு லேப்டாப் ஒன்று, வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) இரண்டு, ராஸ்பெர்ரி பை ஒன்று, வேலையிடத்து சர்வர் இரண்டு என்று நாள் முழுக்க மாறி மாறி உட்காருகிறவனுக்கு இது தினசரித் தலைவலி. இந்த அமைப்புகளை வைத்திருக்கும், புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஃபைல்கள்தான் டாட்ஃபைல்கள். அவற்றை எல்லாக் கணினியிலும் ஒத்துப்போக வைப்பதுதான் ஷேமுவாவின் வேலை.

ரொம்ப நாள், ஃபைலை வேறு கணினிக்கு நகலெடுக்கும் எஸ்சிபி தான் வைத்திருந்தேன். மேக்கில் இருக்கும் டாட் பேஷ்ஆர்சியை (டெர்மினல் ஷெல்லின் அமைப்பு ஃபைல்) அப்படியே எல்லா இடத்துக்கும் தள்ளிவிடுவேன். ஒரு நாள் அப்படித் தள்ளியதில் வேலையிடத்து சர்வரில் அந்த ஃபைலின் கடைசியில் இருந்த, வெளி இணையத்துக்குப் போகும் வழியைச் சொல்லும் ப்ராக்ஸி வரிகள் நான்கும் போய்விட்டன. எஸ்சிபி எதையும் கேட்காது. பழையதன் மேல் எழுதிவிட்டு நூறு சதவீதம் என்று காட்டும், அவ்வளவுதான். மறுநாள் காலை, பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் எதையும் இறக்க மறுத்தது, காப்பியும் எங்கும் இல்லை, அந்த நான்கு வரிகளைக் கேட்டு வாங்கித் திரும்ப எழுதுவதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் ஷேமுவாவுக்கு வந்தேன். இப்போது இரண்டு வருடம் ஆகிறது.

பெயர் பிரெஞ்சு, 'என் வீட்டில்' என்று பொருள். டாம் பெய்ன் என்பவர் கோ மொழியில் எழுதிய இலவச மென்பொருள், எம்ஐடி உரிமம். ஒற்றை பைனரி (அப்படியே ஓடும் ஒரே ஃபைல்) என்பதால் ரூட் அனுமதி இல்லாத சர்வரிலும் ஹோம் டைரக்டரியில் போட்டு ஓட்டலாம், ராஸ்பெர்ரி பையிலும் ஓடும். உங்கள் டாட்ஃபைல்கள் ஒரு கிட் ரெப்போவில் (மாற்றங்களின் வரலாறோடு ஃபைல்களை வைக்கும் களஞ்சியம்) இருக்கும். புதுக் கணினியில் 'ஷேமுவா இனிட்' என்று சொன்னால் அதை இறக்கிக்கொள்ளும், 'டிஃப்' என்றால் என்ன மாறப்போகிறது என்று காட்டும், 'அப்ளை' என்றால் எழுதும். பிறகு எப்போது வேண்டுமானாலும் 'அப்டேட்' என்றால் கிட் புல் (ரெப்போவின் புது மாற்றங்களை இறக்குவது), அப்ளை இரண்டும் ஒன்றாக நடக்கும்.

நான் இதை நம்புவதற்குக் காரணம் ஒரு கேள்வி. போன மாதம் விபிஎஸ்ஸில் அப்டேட் கொடுத்தேன். பாதியில் நின்று, டாட் பேஷ்ஆர்சி நான் கடைசியாக எழுதியதற்குப் பிறகு மாறியிருக்கிறதே, டிஃப் பார்க்கிறாயா, மேலெழுதவா, விட்டுவிடவா, நிறுத்தவா என்று கேட்டது. டிஃப் பார்த்தால், எப்போதோ ஒரு இன்ஸ்டாலர் ஃபைலின் அடியில் சேர்த்துவிட்டுப் போன இரண்டு பாத் வரிகள் (நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்பவை). நான் மறந்தே போயிருந்தேன். 'மெர்ஜ்' கொடுத்ததும் விம்டிஃப் (ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் விம்) திறந்தது, இரண்டு வரியையும் எடுத்து ரெப்போவில் வைத்துக்கொண்டேன். தான் கடைசியாக என்ன எழுதினோம் என்பதை அது ஒவ்வொரு கணினியிலும் நினைவில் வைத்திருப்பதால்தான் இப்படிக் கேட்க முடிகிறது. எதிரில் உட்கார்ந்திருக்காத கணினியில் வேலை செய்கிறவனுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

கணினிக்குக் கணினி வேறுபடும் விஷயத்துக்கு டெம்ப்ளேட் இருக்கிறது. ஒரே பேஷ்ஆர்சிக்குள் ஹோஸ்ட்நேம் (கணினியின் பெயர்) இதுவானால் ப்ராக்ஸி வரிகளைச் சேர், மேக் ஆனால் ஹோம்ப்ரூ (மென்பொருள் நிறுவும் கருவி) பாத்தைச் சேர் என்று நிபந்தனை எழுதலாம். கோ டெம்ப்ளேட்டின் இரட்டை வளைவு அடைப்புகள் கண்ணுக்கு இதமானவை அல்ல, முதல் வாரம் கஷ்டம்தான். ஆனால் அந்த நான்கு ப்ராக்ஸி வரிகள் இப்போது ரெப்போவில் பத்திரமாக இருக்கின்றன, போகவேண்டிய இரண்டு சர்வருக்கு மட்டும் போகின்றன.

ஃபைல் பெயர்களைப் பார்த்தால் முதலில் எரிச்சல் வரும். டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் ரெப்போவுக்குள் 'ப்ரைவேட்_டாட்_எஸ்எஸ்ஹெச்' ஆகிவிடும். காரணம் இருக்கிறது: கிட் ஒரு ஃபைலின் அனுமதிகளில் எக்ஸிக்யூட்டபிளா இல்லையா என்பதை மட்டும்தான் நினைவில் வைக்கும், யார் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் 600, 700 எல்லாம் அதற்குத் தெரியாது, அதனால் அந்தத் தகவலைப் பெயரிலேயே ஏற்றிவிட்டார்கள். ப்ரைவேட் கீ மற்றவர் படிக்கும்படி கிடந்தால் எஸ்எஸ்ஹெச் அதைத் தொடவே தொடாது, ஆகவே இது அலங்காரம் இல்லை. ரகசியங்களை ஏஜ் அல்லது ஜிபிஜி என்ற குறியாக்கக் கருவி கொண்டு பூட்டி வைக்கலாம். திறக்கும் சாவியை மட்டும் நீங்களே ஒவ்வொரு கணினிக்கும் கொண்டுபோக வேண்டும்.

இனி குறைகள். சர்வரில் அவசரத்துக்கு ஃபைலை நேரடியாகத் திருத்திவிட்டு 'ரீஆட்' (திருத்தத்தை ரெப்போவுக்குத் திரும்ப எடுப்பது) கொடுக்க மறந்தால் திருத்தம் அந்த சர்வரோடு நின்றுவிடும், அந்த ஃபைல் டெம்ப்ளேட்டாக இருந்தால் ரீஆட் வேலையே செய்யாது, கையால்தான் மாற்ற வேண்டும். ரெப்போவிலிருந்து ஒரு ஃபைலை நீக்கினால் மற்ற கணினிகளில் அது தானாகப் போகாது. ஏழு கணினிக்கும் ஒரே சொடுக்கில் தள்ளவும் இதனால் ஆகாது. ஒவ்வொன்றிலும் போய் அப்டேட் கொடுக்க வேண்டும், நான் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு சின்ன லூப் போட்டு ஓட்டுகிறேன்.

வெளி இணையமே இல்லாத சர்வர் என்றால் 'ஆர்கைவ்' கைகொடுக்கும். எல்லா ஃபைலையும் ஒரு டார் (ஒற்றைத் தொகுப்பு ஃபைல்) ஆக்கித் தரும், அதை எஸ்எஸ்ஹெச் குழாயில் விட்டு அந்தப் பக்கம் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் டெம்ப்ளேட்டுகள் உங்கள் கணினியின் ஹோஸ்ட்நேமை வைத்துத்தான் நிரம்பும், கவனம். அதோடு அந்தப் பக்கம் டிஃப்பும் கிடையாது, கேள்வியும் கிடையாது, கிட்டத்தட்ட எஸ்சிபி மாதிரிதான்.

ஒரே ஒரு கணினிதான் என்றால் க்னூ ஸ்டோ போதும், சிம்லிங்க் (ரெப்போ ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போட்டுவிட்டுப் போய்விடும், திருத்தினால் ரெப்போவிலேயே திருத்தம் ஆகிவிடும். கிட் நன்றாகத் தெரிந்து டெம்ப்ளேட் பிடிக்காதவர்கள் கிட்டின் மேலேயே கட்டிய யாட்எம் பார்க்கலாம். மூன்று கணினிக்கு மேல், அதிலும் மேக்கும் லினக்ஸும் கலந்து என்றால் ஷேமுவாவைத்தான் சொல்வேன்.

முதல் தடவை பழைய சர்வரில் போடும்போது மட்டும் இனிட்டையும் அப்ளையையும் ஒரே கமாண்டில் கொடுக்காதீர்கள், இணையத்தில் எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். முதலில் வெறும் இனிட், அப்புறம் டிஃப், அதில் மைனஸ் குறியோடு வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள், வேண்டியதை ரெப்போவில் எடுத்து வையுங்கள், பிறகு அப்ளை.