கோலாலம்பூர் சாலையில் ஹைப்ரிட்: எண்ணெய் எங்கே கரைகிறது என்று பயணப் பதிவு காட்டும்

டேஷ்போர்டில் வரும் சராசரியை மட்டும் நம்பினால், பெட்ரோல் இயந்திரமும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரில் எண்ணெய் (பெட்ரோல்) எங்கே போகிறது என்று பிடிபடாது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று காட்டும். அதில் காலை ஓட்டம் எவ்வளவு தின்றது, மாலை ஜேம் எவ்வளவு, ஏர்கோன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு வினாடிக்கு ஒரு முறை பதிவாகும் தரவு வேண்டும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் தரவை வெளியே தரும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் அடாப்டரும் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் போதும். டொயோட்டா, லெக்சஸ் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு ஹைப்ரிட் அசிஸ்டன்ட் செயலிதான் முதல் தேர்வு. அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஈஎல்எம்327 என்ற சிப்பின் மலிவான போலிகளைக் கொண்ட அடாப்டர்கள் மெதுவாகப் பதில் தருவதால் பதிவில் ஓட்டை விழும். முடுக்கும் அந்த நான்கைந்து வினாடிகளே காணாமல் போய்விடும். காரை நிறுத்தியதும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். பல நாள் செருகியே கிடந்தால் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும்.

அடுத்த வேலை, பதிவு காட்டும் எண்ணெய்க் கணக்கைச் சரிபார்ப்பது. ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், முதல் 'கிளிக்' வரை நிரப்புங்கள். பம்ப் 34.5 லிட்டர் என்கிறது, செயலி 36 என்கிறது என்றால் திருத்தம் 0.958; செயலி காட்டும் லிட்டரை இதால் பெருக்குங்கள். ஒரு டாங்கியை வைத்து முடிவுக்கு வராமல் நான்கைந்து டாங்கிகளின் கூட்டுத்தொகையை எடுங்கள். சராசரி போடும்போதும் கவனம் தேவை: 10 கிலோமீட்டரை லிட்டருக்கு 10 வீதமும், இன்னொரு 10 கிலோமீட்டரை 30 வீதமும் ஓட்டினால் சராசரி 20 அல்ல, 15. மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி.

பதிவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது குளிர்ந்த இயந்திரத்தின் செலவு. ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம் இயந்திரச் சுழற்சி நிமிடத்துக்கு 1,200, 1,300 அளவில் நேர்கோடாக நிற்கும், பேட்டரி அளவோ இறங்கும். புகை வடிகட்டும் கேட்டலிஸ்ட்டைச் சூடாக்கத்தான் அப்போது இயந்திரம் ஓடுகிறது. காரை இழுப்பது பெரும்பாலும் பேட்டரி. அந்த நேரத்தில் நின்று காத்திருப்பது வீண். உடனே மெதுவாகக் கிளம்பலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் பூவும் வாழையிலையும் வாங்க 3 கிலோமீட்டர் போய்வருவது ஏன் இவ்வளவு தின்கிறது என்பதும் இங்கேதான் விளங்கும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் 70 டிகிரியை எட்டுவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்து, தூரமான இடத்துக்கு முதலில் போனால் மிச்சம் தெரியும்.

ஃபெடரல் நெடுஞ்சாலை மாலை ஜேமில் கதை வேறு. பேட்டரி 40 விழுக்காட்டை நெருங்கியதும் கார் நின்றுகொண்டிருந்தாலும் இயந்திரம் எழுந்து சார்ஜ் ஏற்றும். வரைபடம் ரம்பப் பல்லாகத் தெரியும். 'முடிந்தவரை பேட்டரியில் ஓட்டு' என்ற அறிவுரை இங்கேதான் பொய்க்கிறது. அந்த மின்சாரமும் எண்ணெயிலிருந்து வந்ததுதான். ஏற்றும்போதும் இறக்கும்போதும் இழப்பு உண்டு. இயந்திரம் ஓடும்போது தயங்காமல் மிதித்து வேகத்தை எட்டுங்கள், பிறகு காலைத் தளர்த்தி உருளவிடுங்கள். ஜேமுக்கு முன்பே, பேட்டரியில் மட்டும் ஓட்டும் இவி பட்டனை அழுத்திப் பேட்டரியைக் காலி செய்யாதீர்கள். வெயிலில் நின்ற காரில் முதலில் கண்ணாடியை இறக்கி வெப்பத்தை வெளியேற்றி, ஏர்கோனை 24, 25 டிகிரியில் வைத்தால், அது இழுக்கும் வாட் குறைவது பதிவிலேயே தெரியும்.

கெந்திங் மலை இறக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1,500 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் இறங்கினால் சுமார் 0.4 கிலோவாட் மணி ஆற்றல் கிடைக்கும். ப்ரியஸ் காலத்து நிக்கல் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1.3, அதிலும் ஒரு பகுதியைத்தான் கார் பயன்படுத்தும். ஆகவே பாதி மலைகூட இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். அதன்பின் கார் எண்ணெயை அடைத்துவிட்டு இயந்திரத்தைச் சும்மா சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும். உள்ளிழுக்கும் காற்றை வைத்து எண்ணெயைக் கணக்கிடும் செயலிகள் இதையும் செலவாக எழுதிவிடும். மலைப் பயணத்தைத் திருத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உச்சியிலிருந்தே 'பி' (B, இயந்திரத்தால் வேகத்தைத் தடுக்கும் கியர் நிலை) போட்டால் சேமிக்க வேண்டிய ஆற்றலும் வீணாகும். பேட்டரி 75 விழுக்காட்டைத் தாண்டியதும் போடுங்கள், பிரேக்கும் சூடேறாது.

பேட்டரி வெப்பநிலையையும் விட்டுவிடாதீர்கள். ஒரே சாலை, ஒரே வெயில், ஆனால் வெப்பம் மாதாமாதம் கூடி விசிறிச் சத்தமும் கேட்கிறது என்றால், பின் இருக்கைப் பக்கம் உள்ள காற்றுத் துளையின் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்தபின் அதே வழியில் மறுபடி பதிவெடுத்து ஒப்பிடுங்கள்.