பஞ்சு நுனியில் பிடிபட்ட கட்டி

பெரியம்மாவுக்கு 74 வயது. பல் தீட்டினாலும் வெற்றிலை மென்றாலும் இடது கன்னத்தில் மின்னல் வெட்டின மாதிரி வலி. நான் கனடாவிலிருந்து மட்டக்களப்புக் கல்லடியில் போய் இறங்குமுன்னமே இரண்டு கடைவாய்ப் பல் பிடுங்கியாச்சு, வலி போகவில்லை. தனியார் இடமொன்றில் சீ.டி. ஸ்கேன் எடுத்து, ‘நீர்க்கட்டி, பயமில்லை’ என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். பார்த்ததும் வயிறு எரிந்தது.

கிளினிக்கில் விடியக்காலை இலக்கம் எடுக்கிறதெல்லாம் அதே பழைய பாடுதான். ஆனால் உள்ளே இருந்த இளம் டொக்டர் பிள்ளை, பஞ்சை நுனியாகத் திரித்து, பக்கவாட்டில் கொண்டுவந்து கருவிழி ஓரத்தில் தொட்டார். வலது கண்ணைத் தொட்டதும் இரண்டு கண்ணும் இமைத்தன. இடதைத் தொட்டபோது ஒன்றுமே இல்லை. சாதாரண முகநரம்பு வலியில் உணர்ச்சி இப்படி மரத்துப் போகாது. நரம்பை ஏதோ அழுத்துகிறது என்று சொல்லி, எம்.ஆர்.ஐ.க்குத் துண்டு எழுதினார். கனடாவில் நிபுணரைக் காணவே மாதக்கணக்கு. இங்கே ஒரு துளிப் பஞ்சும் இரண்டு நிமிடமும்!

துண்டில் ‘டிஃபியூஷன்’ என்றும் எழுதியிருந்தார். உள்ளே நீர் எவ்வளவு அசைகிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. படம் அது, அதுதான் முக்கியம். எபிடெர்மாய்ட் கட்டி, கருவிலேயே உள்ளே சிக்கிய தோல் செல்களில் இருந்து வருவது. தோல் உதிர்கிற வேகத்தில்தான் வளரும், அதனால் முதுமையிலும் முதல்முறை தலைகாட்டலாம். சீ.டி.யில் அதுவும் நீர்க்கட்டி போலவே கறுப்பு. டிஃபியூஷனில் நீர்க்கட்டி கறுக்கும். தோல் செதிலடுக்கில் நீர் அசைய இடமில்லாததால் எபிடெர்மாய்ட் வெள்ளையாகப் பளிச்சிடும். பெரியம்மாவினது பளிச்சிட்டது. படம் துலங்க ஊசியில் ஏற்றும் கொன்ட்ராஸ்ட் மருந்தை இந்தக் கட்டி பெரும்பாலும் ஏற்காது. அந்த ஊசி போடுவதென்றால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினின் றிப்போட்டோடு போங்கள். தாலிக்கொடி, காப்பு, கழற்றும் பல்செட் வீட்டிலேயே இருக்கட்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முதலே சொல்லவேண்டும்.

வலிக்குக் கார்பமசெபின், 100 மி.கி.யில் தொடங்கினார்கள். வயதானவர்களுக்கு இரத்தத்தில் இந்தக் குளிசையால் சோடியம் இறங்கலாம், தலை சுற்றி விழவும்கூடும். இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குளிசைக்கு வலி அடங்கினால் கட்டி இல்லை என்று எண்ணவேண்டாம், கட்டியால் வரும் வலியும் அடங்கலாம்.

புற்று அல்ல என்பதால் சத்திரசிகிச்சைக்கு அவசரமில்லை என்றார்கள். கட்டியின் தோல் நரம்போடு ஒட்டியிருப்பதால் முழுக்க உரிக்கப் போனால் நரம்பு சேதமாகலாம். வளர்கிறதா என்று இனிப் பார்க்கவேண்டும். கனடாவில் படமெல்லாம் கணினியில் இருக்கும். இங்கே வெயிலில் வளைந்துபோகும் பிலிம் உறைதான். எம்.ஆர்.ஐ. எடுத்த அன்றே இறுவட்டில் (CD) முழுப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். பழைய படம் இல்லாமல் வளர்ந்ததா என்று எந்த டொக்டராலும் சொல்லமுடியாது.