மகஜரை யாரிடம் கொடுப்பது: தலைவரிடமா, கோப்பிடமா, வாக்குப்பெட்டியிடமா?

2012 மார்ச்சில், போரில் நடந்தவற்றுக்காக இலங்கையைக் கேள்வி கேட்கும் தீர்மானம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் வாக்கெடுப்புக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்து மாடியில் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து மகஜர் எழுதினோம். மலேசியா அந்தத் தீர்மானத்தை ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்பது கோரிக்கை. எழுத அரை மணி நேரம்தான் பிடித்தது. அதை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சுதான் இரவு பத்து மணியைத் தாண்டியது.

"மேலே இருப்பவர் தலையசைத்தால் வேலை முடிந்தது. நேராக அங்கேயே கொடுப்போம்" என்றார் ஒருவர். "தேர்தல் பக்கத்துல வந்தாச்சு. நம்ம ஓட்டு யாருக்கு வேணுமோ அவங்களப் பிடிங்க" என்றார் இன்னொருவர். அரசாங்க இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் ஓரமாக இருந்தார். அவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "தம்பி, மேசையில இருக்கிற ஃபைல்ல இதுக்கு முன்னால என்ன எழுதியிருக்காங்கன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. மலேசியா அந்த வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தது. 24 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை.

அன்று அந்த மாடியில் மோதிய மூன்று பதில்களும் தற்செயலானவை அல்ல. ஒரு நாடு வெளியுறவு முடிவை எப்படி எடுக்கிறது என்று ஆராய்கிறவர்களும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறார்கள். தலைவர் எடுக்கிறார், நிர்வாகம் தன் வழக்கப்படி எடுக்கிறது, உள்நாட்டு அரசியல் எடுக்க வைக்கிறது. இந்த மூன்றையும் நம் நாட்டில் நடந்தவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்கு ஓர் எண்ணம்.

நான்காவதாக ஒன்று உண்டு. பத்திரிகையில் 'மலேசியா கவலை', 'மலேசியா கண்டனம்' என்று தலைப்பு வரும். நாடு என்பது ஓர் ஆள், அவர் உட்கார்ந்து லாப நட்டம் பார்த்து முடிவெடுக்கிறார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வணிகத்தை நம்பி வாழும் சிறிய நாட்டுக்குச் சில கதவுகள் எப்போதும் மூடித்தான் இருக்கும். ஆனால் திறந்திருக்கும் கதவுகளில் எதன் வழியாகப் போவது என்பதை அந்தக் கணக்கு சொல்லித் தராது. அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

தலைவரில் தொடங்குவோம், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் நம்புவது அவரைத்தான். 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. நம் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டங்கள் பலவற்றின் முதலாளி அந்த நிறுவனம். அதன் பிறகு லண்டனில் பங்கு வாங்கும் விதிகளை மாற்றினார்கள். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்களுக்கான கல்விக் கட்டண உயர்வு ஏற்கெனவே எரிச்சலைக் கிளப்பியிருந்தது. அந்த அக்டோபரிலேயே, பிரதமர் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆன மகாதீர், 'பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்கு' என்றார். பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் போகும் குத்தகை எதுவானாலும் முதலில் பிரதமர் துறைக்கு வர வேண்டும், கூடவே வேறு நாட்டு விலைப்பட்டியல் ஒன்றும் இருக்க வேண்டும் என்று உத்தரவு போனது. ஒரு மனிதரின் கோபமும் கணக்கும் சேர்ந்து ஒரு நாட்டின் கொள்கையானதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு இல்லை. 1983-இல், தாட்சரோடு பேசிய பிறகு, அவரே அதை எடுத்தும் விட்டார்.

தலைவர் வழியின் பெரிய பலம் வேகம். 2014 ஜூலை 17-ஆம் தேதி எம்எச்17 விமானம் உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தபோது, அதில் 43 பேர் மலேசியர்கள். விமானம் விழுந்த இடம் ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் அங்கீகரிக்காத ஒரு கிளர்ச்சிக் குழுவின் கையில் இருந்தது. அப்படிப்பட்டவர்களோடு ஓர் அமைச்சு முறைப்படி பேச வேண்டுமென்றால் சட்ட ஆலோசனை, நட்பு நாடுகளின் கருத்து என்று வாரக்கணக்கில் ஓடியிருக்கும். அப்போதைய பிரதமர் நஜிப் அந்தக் குழுவின் தலைவர் போரோடாயோடு நேரடியாகத் தொலைபேசியில் பேசினார். ஐந்தே நாளில் கறுப்புப் பெட்டிகள் மலேசியர்களிடம் வந்தன. அந்த முடிவைப் பற்றி யார் என்ன சொன்னாலும், பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு அந்த ஐந்து நாள் பெரிய விஷயம்.

அதே வேகம் திருப்பி அடிப்பதும் உண்டு. 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் காஷ்மீரை இந்தியா படையெடுத்துப் பிடித்துவிட்டது என்று, மீண்டும் பிரதமராகியிருந்த மகாதீர் பேசினார். டிசம்பரில் இந்தியாவின் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தையும் விமர்சித்தார். அவர் சொன்னது சரியா தவறா என்பது தனி விவாதம். அந்த ஆண்டில் நம் செம்பனை எண்ணெயை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. 2020 ஜனவரி 8-ஆம் தேதி சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு அது கட்டுப்பாடு போட்டது. பதிலடி கொடுக்கும் அளவுக்கு நாம் பெரியவர்கள் இல்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். எச்சரிக்கும் குறிப்பு ஏதாவது அவர் மேசைக்கு முன்கூட்டியே வந்ததா, வந்தும் ஒதுக்கப்பட்டதா என்று நாம் கேட்பதே இல்லை.

அந்தக் கேள்வி கோப்புக்கு இட்டுச் செல்கிறது. அண்ணன் சொன்ன கோப்பு. எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜொகூருக்குக் கிழக்கே கடலில் பத்து பூத்தே என்று ஒரு பாறைத் தீவு. நீளம் ஏறக்குறைய 137 மீட்டர். அதன்மேல் பிரிட்டிஷார் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1953 ஜூனில் சிங்கப்பூரின் காலனி அலுவலகம் இந்தப் பாறையின் நிலை என்ன என்று ஜொகூருக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. செப்டம்பர் 21-ஆம் தேதி, ஜொகூர் அரசுச் செயலாளர் இடத்தில் தற்காலிகமாக இருந்த ஓர் அதிகாரி பதில் போட்டார். அந்தப் பாறைக்கு ஜொகூர் அரசாங்கம் உரிமை கோரவில்லை என்பதே அதன் சாரம். அவ்வளவுதான். மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு, ஏதோ ஒரு மேசையில் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, உறையில் போட்ட ஒரு தாள்.

2008 மே 23-ஆம் தேதி அனைத்துலக நீதிமன்றம் 12-க்கு 4 என்ற கணக்கில் அந்தப் பாறையைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. பழைய உரிமை ஜொகூர் சுல்தானுடையதுதான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அப்புறம் எப்படிக் கை மாறியது? அந்தக் கடிதமும், அதைத் தொடர்ந்து இரு தரப்பும் நடந்துகொண்ட விதமும்தான். நம் நில அளவைத் துறையே வெளியிட்ட சில வரைபடங்களில் அந்தப் பாறை சிங்கப்பூருடையது என்று குறிக்கப்பட்டிருந்தது. எந்தப் பிரதமரும் இதை மேடையில் அறிவிக்கவில்லை, யாரும் வாக்களிக்கவில்லை. கோப்பு தானாகவே ஒரு வெளியுறவு முடிவை எடுத்துவிட்டது.

இதே கோப்பு நமக்கு வாரிக் கொடுத்ததும் உண்டு. சபாவுக்கு அருகிலுள்ள சிப்பாடான், லிகித்தான் தீவுகள் யாருக்கு என்று இந்தோனேசியாவோடு நடந்த வழக்கில் 2002 டிசம்பரில் 16-க்கு 1 என்று மலேசியா வென்றது. வென்று கொடுத்தவை எவை தெரியுமா? ஆமை முட்டை எடுப்பதை ஒழுங்குபடுத்த 1917-இல் போட்ட சட்டம், 1933-இல் சிப்பாடானைப் பறவைகள் காப்பகமாக அறிவித்த ஆணை, 1960-களின் தொடக்கத்தில் கட்டிய கலங்கரை விளக்கங்கள். ஆமை முட்டைக்கு அனுமதி எழுதிய அந்த அதிகாரிக்கு, தான் ஒரு தேசத்தின் எல்லையை வரைகிறோம் என்று கனவில்கூடத் தோன்றியிருக்காது.

வாக்குப்பெட்டியின் பலத்தை நாமெல்லாம் நேரிலேயே பார்த்தோம். 2018 செப்டம்பரில் ஐ.நா. மேடையில் பிரதமர், எஞ்சியிருக்கும் முக்கிய மனித உரிமை ஒப்பந்தங்களை மலேசியா ஏற்று உறுதிப்படுத்தும் என்றார். இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தமான ஐசெர்டும் அதில் அடக்கம். எதிர்ப்பு கிளம்பியது. நவம்பர் 23-ஆம் தேதி அரசாங்கம் பின்வாங்கியது. டிசம்பர் 8-ஆம் தேதி மெர்டேக்கா சதுக்கத்தில் திரண்ட கூட்டம் அதை வெற்றி விழாவாகவே நடத்தியது. அடுத்து, அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனம். 2019 மார்ச் 4-ஆம் தேதி சேர்ந்து, ஏப்ரல் 5-ஆம் தேதி விலகுவதாக அறிவித்தோம். இரண்டிலும் தலைவர் ஒரு பக்கம், உள்நாட்டு அரசியல் ஒரு பக்கம், வென்றது உள்நாட்டு அரசியல். ஐசெர்ட் போனபோது எனக்கு ஏற்பட்ட வலியை நான் மறைக்கப் போவதில்லை. எண்ணிக்கையில் ஏழு சதவீதத்தைச் சுற்றி இருக்கும் ஒரு சமூகம் இந்த வழியை மட்டும் நம்பினால் கூட்டல் கழித்தலில் எப்போதும் சிறிய எண்தான்.

மூன்றையும் ஒரே நிகழ்ச்சியில் வைத்து உரசிப் பார்க்க 1974 நல்ல உரைகல். அந்த மே 31-ஆம் தேதி பெய்ஜிங்கில் நம் பிரதமர் துன் ரசாக்கும் சீனப் பிரதமர் சூ என்லாயும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆசியான் நாடுகளில் சீனாவோடு தூதரக உறவு தொடங்கிய முதல் நாடு மலேசியா. தலைவர்தான் காரணம் என்பவர், முதல் பிரதமர் துங்கு இருந்தவரை நடக்காதது ரசாக் வந்ததும் நடந்தது என்பார். அது மெய்தான். வாக்குதான் காரணம் என்பவர், 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு சீன வாக்காளர்களின் நம்பிக்கை தேவைப்பட்டதையும், அந்த ஆகஸ்ட்டிலேயே பொதுத்தேர்தல் வந்ததையும், மாவோவோடு ரசாக் இருக்கும் படம் பிரச்சாரத்தில் வலம் வந்ததையும் காட்டுவார். அதுவும் மெய். ஆனால் அந்த அறிக்கையில் இரட்டைக் குடியுரிமையை இரு அரசாங்கங்களும் ஏற்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. இங்கே நாடற்றவர்களாக இருந்த இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சீனர்களின் தலைவிதியைத் தொட்ட வரி அது. படமும் கைகுலுக்கலும் வருவதற்கு முன்பு, நியூயார்க்கில் இரு நாட்டுத் தூதர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசியது இப்படிப்பட்ட வரிகளைத்தான். தலைவர் கதவைத் திறந்தார், தேர்தல் நாளைக் குறித்தது, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைக் கோப்பு எழுதியது.

இப்போது எங்கள் மகஜருக்கு வருகிறேன். 2009 மே மாதம், முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு மலேசியா ஆதரவாக வாக்களித்தது. 2012-இல் இலங்கையைக் கேள்வி கேட்ட தீர்மானத்தில் நடுநிலை. இரண்டு முறையும் பிரதமர் ஒருவரே, நஜிப்தான். ஆகவே தலைவரை மட்டும் வைத்து இந்த மாற்றத்தை விளக்க முடியாது. 2009-இல் பேசியது கோப்பு என்பதே என் முடிவு. பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடாமை, அணிசேரா நாடுகளோடு சேர்ந்து நிற்பது என்ற பல பத்தாண்டுப் பழக்கம் கை தூக்க வைத்தது. 2012-இல் அந்தப் பழக்கம் ஆதரவாக வாக்களிக்க விடவில்லை, 2008 தேர்தலில் இந்திய வாக்குகளை இழந்த பாடம் எதிர்த்து வாக்களிக்கவும் விடவில்லை. இரண்டும் இழுத்துப் பிடித்த இடம் நடுநிலை.

நாங்கள் தலைவரைத் தேடிப் போனது தப்பில்லை, ஆனால் அங்கே மட்டும் போனது தப்பு. 2018 மேயிலிருந்து 2022 நவம்பருக்குள் நான்கு பேர் பிரதமராகப் பதவியேற்றுவிட்டார்கள். முந்தையவரோடு எடுத்த படத்தைச் சுவரில் மாட்டலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வாக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பேசும், அப்போதும் பெரிய எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. கோப்புக்கு இரக்கம் கிடையாது, 2009-இல் நாம் அதைப் பார்த்தோம். ஆனாலும் அதில் எழுதியதை யாரும் எளிதில் கிழிக்க முடியாது, சிறியவர் எழுதினாலும் பெரியவர் எழுதினாலும் தாள் ஒன்றுதான். சிறிய சமூகத்துக்கு இந்த மூன்றில் எது என்று கேட்டால் நான் கோப்பைத்தான் சொல்வேன்.

2013-இல் அடுத்த தீர்மானம் வந்தபோது மகஜரை அண்ணனே எழுதினார். கண்ணீரும் ஆவேசமும் இருந்த முதல் பக்கத்தை எடுத்துவிட்டார். அந்த இடத்தில், 1960-இல் லண்டன் காமன்வெல்த் மாநாட்டில் துங்கு தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்ததையும், அதே ஆண்டு மலாயா அந்நாட்டுப் பொருள்களைப் புறக்கணித்ததையும் தேதியோடு சேர்த்தார். "தலையிடாமைதான் எங்க பழக்கம்னு சொல்லுவாங்க. அதைவிடப் பழைய பழக்கம் இதுன்னு அவங்க ஃபைல்லேயே காட்டணும்" என்றார். தலைவருக்கு ஒன்று, எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று, துறை அதிகாரிக்கு இரண்டு என்று படி எடுத்தோம். மலாயில் எழுதி, எண் போட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம்.

மலேசியா அந்த முறையும் நடுநிலைதான். மூன்று வாரம் கழித்து எங்களுக்கு ஒரு பதில் கடிதம் வந்தது. நான்கே வரி, கோரிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது என்று. நாங்கள் எல்லாரும் அந்த நான்கு வரியைப் படித்துச் சோர்ந்துபோனோம். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல் ஓரத்தில் 'ருஜுக்கான் காமி', அதாவது 'எங்கள் கோப்பு எண்', என்ற இடத்தில் இருந்த எண்ணைத்தான் பார்த்தார். ஒரு துண்டுத் தாளில் அதை எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த தடவை இந்த எண்ணைப் போட்டுத்தான் தொடங்கணும்" என்றார்.