காட்டுவதற்காக மாட்டிய ரிலே: பிக்கப் ரிவர்ஸ் லைட் வேலையில் நான் ஏமாந்தது

பிக்கப் வண்டிக்குப் பின்னால் கூடுதல் எல்இடி ரிவர்ஸ் லைட் போட நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வேலையைக் கொடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்களும் படியுங்கள்.

வண்டியோடு வரும் ரிவர்ஸ் லைட் இருட்டில் போதாது. லோடு ஏற்றி, உள்கண்ணாடி மறைந்துபோய், பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பி வண்டியைப் பின்னால் எடுப்பவர்களுக்கு அது தெரியும். அதனால் 36 வாட் லைட் இரண்டு வாங்கி ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். கடை எது, ஆள் யார் என்று சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

கொடுக்கும்போதே சொன்னேன்: “ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி லைன் எடுத்துப் போடுங்கள்.” ரிலே என்பது சின்ன கரண்ட்டில் இயங்கி, பேட்டரியிலிருந்து வரும் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச். “அதெல்லாம் போட்டுடலாம் சார்” என்றார். மாலையில் போனபோது பானட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த புது ரிலேயைக் காட்டினார். பில்லிலும் ரிலே, ஒயர், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்பக்கம் பட்டப்பகல் மாதிரி ஆனது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் ரிவர்ஸ் லைட்டும் கேமராவும் ஒன்றாகப் போய்விட்டன. திரும்பக் கொண்டுபோனேன். “சின்ன ஃபியூஸ் சார், தாங்கல. மாத்தியாச்சு” என்று ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து தனி லைன் வருகிறது என்றால், வண்டியின் சொந்த ஃபியூஸ் எதற்காகப் போகிறது?

அப்புறம் ஒரு மழை இரவு. குறுகலான இடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். என் தம்பி பின்னால் நின்று “வா, வா” என்று கை காட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று எல்லாம் அணைந்து, ஒயர் கருகும் நாற்றம் அடித்தது. பிரேக்கை அழுத்தி நின்றுவிட்டேன். அவன் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தான். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் போனேன், வயதில் மூத்தவர். படுத்துக்கொண்டு பம்பருக்கு அடியில் டார்ச் அடித்தவர், “தம்பி, நீங்களே வந்து பாருங்க” என்றார். பழைய ரிவர்ஸ் ஒயரின் தோலைக் கத்தியால் சீவி, புது ஒயரை அதில் வெறுமனே முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். சூட்டில் பசை இளகி டேப் நழுவியிருந்தது. வெளியே தெரிந்த செம்பில் பச்சையாகக் களிம்பு. அங்கிருந்து போன ஒயர் பம்பர் பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசித் தோல் தேய்ந்து, பாடியைத் தொட்டு, ஒரு முழ நீளத்துக்கு உருகிப்போயிருந்தது.

“ரிலே இருக்கே அண்ணே?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. உருகிய துண்டை வெட்டிவிட்டுத் தற்காலிகமாக இணைத்தார். ரிலேயைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, ரிவர்ஸ் போடச் சொன்னார். கூடுதல் லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. அப்புறம் ரிலே சாக்கெட்டிலிருந்து வந்த ஒயர்களின் டேப்பைப் பிரித்தார். ஒரு சாண் தூரத்தில் நான்கையும் வெட்டி, நுனியைச் சுற்றி மறைத்திருந்தார்கள். எதனோடும் இணைப்பே இல்லை.

கடைசியாக ஃபியூஸ் பாக்ஸ். மூடியில் 10 என்று போட்டிருந்த இடத்தில் சிவப்பு ஃபியூஸ் இருக்க வேண்டும். செருகியிருந்தது பச்சை. பச்சை என்றால் 30 ஆம்பியர். ரிலே மோசடியைக்கூட மன்னித்துவிடுவேன், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கணக்குப் பாருங்கள்: பழைய பல்பு இரண்டும் 21 வாட் வீதம் 42, புது லைட் 72, மொத்தம் 114 வாட். 12 வோல்ட்டில் அது 9.5 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கிட்டத்தட்ட எல்லை, கொஞ்சம் கூடினாலும் எரிந்துபோகலாம். ஒயரைக் காப்பாற்றத்தான் அது எரிகிறது. அதைப் பிடுங்கி 30 போட்டால், பழுதான இடத்தில் 20 ஆம்பியர் பாய்ந்தாலும் ஃபியூஸ் அசையாது, ஒயர்தான் உருகும். என் வண்டியில் நடந்ததும் அதுதான்.

பழைய கடையில் போய்க் கேட்டேன். “எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க” என்றார். போடாத வேலைக்கு வாங்கிய பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்போது சரியாகப் போட்டிருக்கிறது. பேட்டரியை ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து லைட்டுகளுக்கு. பழைய ரிவர்ஸ் லைனிலிருந்து 86-க்கு ஒரு சிக்னல் மட்டும், 85 எர்த். இவையெல்லாம் ரிலேயின் முனைகளில் போட்டிருக்கும் எண்கள். ரிலேக்குள் சுவிட்சை இழுக்கும் காயிலுக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம் என்பதால் பழைய ஒயருக்குப் பாரமே இல்லை. லைட்டின் எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டிச் சேஸிஸில் போல்ட் போட்டார். ஜாயின்ட்டுகளைக் கிரிம்ப் செய்து (உலோகக் குப்பியில் வைத்து நசுக்கி), சூடு காட்டினால் சுருங்கும் டியூபைப் போட்டு மூடினார். சைலன்சர் பக்கம் போகாமல் நெளிகுழாய்க்குள் விட்டு ஒயரை இழுத்தார். டேப் சுற்றும் முன்பே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான்.

பணம் கொடுக்கும் முன் ரிலேயைப் பிடுங்கிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கூடுதல் லைட் எரியவே கூடாது. எரிந்தால் சாவியை வாங்காதீர்கள், வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் இன்றைக்கே ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, மூடியில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் ஃபியூஸின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். உள்ளே இருப்பது பெரிய எண் என்றால், ஒயரைச் சோதிக்கும்வரை அந்த ஃபியூஸைக் கழற்றியே வையுங்கள்.