நகெட் நெக்டர்: கசப்பு புடிச்சவங்களுக்கான செவப்பு பீர், ஏற்காட்டுல வச்சு குடிச்சு பாத்தது

மொதல்லயே சொல்லிடறேன், ட்ரோக்ஸ் கம்பெனியோட நகெட் நெக்டர் எனக்கு ரொம்ப புடிச்சிருந்துது. ஆனா டாஸ்மாக் ஸ்ட்ராங் பீர பல்லு கூசற அளவுக்கு சில்லுனு குடிச்சே பழகினவங்களுக்கு மொத வாய்லயே மூஞ்சி சுருங்கும், அப்பவே டம்ளர கீழ வச்சிடாம ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க, அப்பதான் இதுல என்ன இருக்குன்னு தெரியும்.

சித்தி பையன் ஃபிலடெல்ஃபியால இருக்கான், மார்ச்ல ஊருக்கு வந்தப்ப சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல சுத்தி கொண்டாந்தான். கஸ்டம்ஸ்ல ஆளுக்கு 2 லிட்டர் தான் வரியில்லாம விடுவாங்க, 355 மில்லி பாட்டில்னா 5 தான் தேறும், அதனால ஒவ்வொண்ணையும் யோசிச்சு தான் தொறந்தோம். மார்ச் வெயில்ல சேலத்துல உக்காந்து இத குடிக்கறது பாவம்னு ஏற்காடு நாகலூர்ல ஃப்ரெண்டோட காப்பி தோட்டத்து வீட்டுக்கு கொண்டு போயிட்டோம், ராத்திரி அங்கயே தங்கறதுன்னு பேசி வச்சுகிட்டு தான் கெளம்பினோம், குடிச்சுட்டு அந்த 20 கொண்டை ஊசி வளைவுல வண்டி எறக்கறதுங்கற பேச்சுக்கே எடமில்ல.

பாட்டில்ல இம்பீரியல் ஆம்பர் ஏல்னு தான் போட்டிருக்கு (ஏல்ங்கறது ஒரு பீர் வகை), குடிச்சா ஹாப்ஸ் தூக்கலான ரெட் ஏல் தான். பென்சில்வேனியால ஹெர்ஷின்னு ஒரு ஊர், சாக்லேட்டுக்கு பேர் போன அதே ஹெர்ஷி, அங்க காய்ச்சறாங்க. ஆல்கஹால் 7.5 சதவீதம், நம்ம ஊரு ஸ்ட்ராங் பீர் கணக்கு தான் அது. ஆனா கசப்ப அளக்கற ஐபியூ 93, நம்ம ஊர்ல சாதாரணமா கெடைக்கற லைட்டான லாகர் வகை பீருக்கெல்லாம் பொதுவா 10லேந்து 20க்குள்ள தான் இருக்கும், அத வச்சு பாத்துக்கங்க. இதே கம்பெனில ஹாப்பேக் ஆம்பர்னு ஒண்ணு இருக்கு, 6 சதவீதம், 55 ஐபியூ, அதத்தான் பெருசாக்கி இத பண்ணியிருக்காங்க.

ஹாப்ஸ் தெரியாதவங்களுக்கு: நம்ம தோட்டத்துல சில்வர் ஓக்ல மிளகு ஏறுதுல்ல, அந்த மாதிரி அங்க கம்பில ஏத்தி விடற கொடி, அதோட பூவத்தான் பீர்ல போடறாங்க. சீக்கிரமே போட்டு ரொம்ப நேரம் கொதிக்க விட்டா கசப்பு எறங்கும், கடைசில போட்டா வாசனை நிக்கும். ட்ரோக்ஸ்ல கூடுதலா ஹாப்பேக்னு ஒரு பாத்திரத்துல முழுப் பூவ நெரப்பி அது வழியா சூடா இருக்கற மால்ட் (மொளகட்டி காய வச்ச பார்லி) சாற விடறாங்க, அந்த வேல வீண் போகல, மூடிய தொறந்ததுமே தெரியுது.

கண்ணாடி டம்ளர்ல ஊத்தினா நல்ல செம்பு நெறம், வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா உள்ள செவப்பு ஓடுது. வியன்னா, மியூனிக்னு கொஞ்சம் கூட வறுத்த மால்ட் போடறதால வர்ற நெறம் அது. நொர வெள்ளையா இல்ல, லேசா பழுப்பு, குடிக்க குடிக்க டம்ளர் ஓரத்துல வளையம் வளையமா ஒட்டிக்கிச்சு.

வாசனைக்கு மட்டும் தனியா மார்க் போடணும். மொதல்ல பைன் மரத்து பிசின், அப்புறம் கிச்சிலி தோல கிள்ளினா வர்ற வாசம், அது ரெண்டும் அடங்கினப்புறம் நல்லா பழுத்த மாம்பழம். சேலத்துக்காரன் எதுல மோந்தாலும் மாம்பழம்னு தான் சொல்லுவான்னு நெனைக்காதீங்க, மாம்பழத்துல இருக்கற மிர்சீன்ங்கற எண்ணெய் ஹாப்ஸ்லயும் நெறய இருக்கு, அதனால அந்த வாசம் நெசமாவே உள்ள இருக்கு.

வாய்ல வச்சா மொதல்ல வர்றது இனிப்பு, சர்க்கரைய கருக வச்ச மாதிரி ஒரு இனிப்பு, கொஞ்சம் ரொட்டி மேல்தோலு ருசி, அது முழுசா பரவறதுக்குள்ள கசப்பு வந்து உக்காந்துக்குது. இந்த கசப்பு மருந்து கசப்பு இல்ல, சிக்கரி போடாத ஏற்காட்டு காப்பிய சர்க்கரை இல்லாம குடிக்கறவங்களுக்கு சட்டுனு புடிபடும், முழுங்கின பின்னாடி தொண்டைல ரொம்ப நேரம் நிக்கும். ஹாப்ஸ் தூக்கலா போடற ஐபிஏ வகை பீர்னா கசப்பு தனியா துருத்திகிட்டு நிக்கும், இதுல மால்ட் கீழ நின்னு தாங்குது, எனக்கு ரெட் ஏல் புடிக்கறதே இதுக்காகத்தான். ஆனா அடுத்த பாட்டில் அன்னிக்கே வேணாம், நாக்கு கசப்புல ஊறி போயி மாம்பழமும் தெரியாது கிச்சிலியும் தெரியாது, அப்பறம் குடிக்கறது வீணாக்கறது தான்.

சில்லுனு இருக்கறப்ப கசப்பு மட்டும் தான் தெரியுது, ஃப்ரிட்ஜுலேந்து எடுத்து ஒரு கால் மணி நேரம் வெளிய வச்சு 8லேந்து 10 டிகிரிக்கு வந்தப்புறம் குடிச்சா தான் மால்ட் பேசுது. ஏற்காட்டு சாயங்கால குளுருக்கு அது தானா பொறுமையா ஏறிச்சு, சேலத்துல வச்சா கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள வெதுவெதுன்னு ஆயிருக்கும்.

தொட்டுக்க பள்ளிபாளையம் சிக்கனும் தட்டுவடை செட்டும் வாங்கிட்டு போயிருந்தோம். சிக்கன் செட்டே ஆகல, வரமிளகா காரத்துக்கு மேல கசப்பும் ஆல்கஹாலும் சேந்தா வாய் எரியுது, பீரும் கெட்டு சிக்கனும் கெட்டுது. தட்டுவடை செட்டு தான் அன்னிக்கு ராஜா! வடைய தனியா, சட்னிய தனியா கட்டித் தர சொல்லி வாங்கினோம், அங்க போயி வச்சு தின்னப்ப மொறுமொறுப்பு அப்படியே இருந்துது, பீட்ரூட் கேரட் துருவல்ல இருக்கற இனிப்பு மால்ட்டோட சேருது, புதினா சட்னி அந்த பைன் வாசத்தோட சேருது, காரச் சட்னிய மட்டும் கம்மி பண்ணிக்கங்க. பீர் ரசிகர்கள் எல்லாரும் சீஸ் சீஸ்னு சொல்றாங்க, ஒரு தடவ இத வச்சு பாருங்க, நான் மனசார சொல்றேன்.

பெங்களூர் போறவங்க இந்திராநகர்ல டாய்ட்னு சொந்தமா பீர் காய்ச்சற பப்ல டாய்ட் ரெட் குடிச்சு பாக்கலாம், ஆனா அது ஐரிஷ் ரெட் வகை, மால்ட் தான் முன்னாடி நிக்கும், இந்த ஹாப்ஸ் வெறி அதுல எதிர்பாக்காதீங்க.

அமெரிக்காலேந்து யாராச்சும் வந்தா வாங்கியார சொல்றதா இருந்தா காலம் பாத்து சொல்லுங்க. அங்க ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் செப்டம்பர்ல, இந்த பீர் கடைக்கு வர்றது ஜனவரி பிப்ரவரி வாக்குல, சூடும் நாளும் ஏற ஏற வாசனை தான் மொதல்ல சாகும், வெயில் பட்டா நாத்தமே வந்துடும். மார்ச், ஏப்ரல்ல வர்றவங்க கிட்ட தேதி பாத்து வாங்க சொல்லுங்க, வந்ததும் நேரா ஃப்ரிட்ஜுல வைங்க, தீபாவளிக்கு வர்றவங்க கிட்ட வேற எதாச்சும் கேட்டுக்கங்க.