அல் ஐன் முற்றவீட்டில் ஆறு கோடைகள்

அபுதாபி எமிரேட்டின் உள்நாட்டு நகரமான அல் ஐனில், பழைய அரபு வீடுகளின் முறைப்படி கட்டப்பட்ட ஒரு வாடகை வீட்டுக்கு 2018 செப்டம்பரில் குடிவந்தோம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் 2019 முதல் 2024 வரை ஆறு கோடைகளை இதில் கழித்திருக்கிறோம். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, கூரைக்கு மேல் எழுந்து நிற்கும் ‘பர்ஜீல்’ எனப்படும் காற்றுக் கோபுரத்தைப் பற்றித்தான். அதைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் இந்த வீட்டின் குளிர்ச்சியில் அதன் பங்கு மிகச் சிறியது என்பதை இத்தனை ஆண்டு வாசத்தில் உணர்ந்திருக்கிறேன்.

வீட்டின் உரிமையாளர் உள்ளூர்க்காரர். தம் பாட்டனார் வாழ்ந்த வீட்டை மனத்தில் வைத்துக் கட்டியவர். அழுத்தப்பட்ட மண்கட்டியால் எழுப்பிய 45 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுவர்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புப் பூச்சு, நான்கு மீட்டர் உயரமுள்ள அறைகள், நடுவில் ‘ஹோஷ்’ என்று இங்கே அழைக்கப்படும் திறந்த முற்றம். தெருப் பக்கத்தில் உயரத்தில் வைத்த சில சிறு திறப்புகளைத் தவிர ஜன்னல் கிடையாது. எல்லா அறைகளும் முற்றத்தைப் பார்த்தே திறக்கின்றன. அறைகளின் அகலம் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். பழைய வளைகுடாக் கரையோர வீடுகளில், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரக்கலங்களில் வந்த அலையாத்தி மரக் கழிகளைக் கூரைக்கு இட்டதால், கழியின் நீளமே அறையின் அகலத்தைத் தீர்மானித்தது. இந்த வீட்டின் கூரை கான்கிரீட்டால் ஆனது என்றாலும் உரிமையாளர் அந்த அளவை விடவில்லை. பெரிய கட்டிலும் அலமாரியும் வைத்திருப்பவர்கள், குடிவருவதற்கு முன் நாடா பிடித்து அளந்துகொள்வது நல்லது.

முற்றம் என்றதும் நம் ஊர்ப் பக்கத்து வீடுகளின் முற்றம்தான் நினைவுக்கு வரும். அது வெளிச்சத்தையும் மழையையும் வீட்டுக்குள் வரவேற்கும். இங்குள்ள முற்றத்தின் முதன்மையான வேலை இரவில் நடக்கிறது. மேகமற்ற பாலைவன வானத்தை நோக்கி முற்றத்தின் தளமும் சுவர்களும் இரவெல்லாம் வெப்பத்தை உமிழ்ந்து குளிர்கின்றன. அப்படிக் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே தங்கி, திறந்திருக்கும் கதவுகள் வழியாக அறைகளுக்குள் பரவுகிறது. விடிந்த பிறகும் உயர்ந்த சுவர்களின் நிழல் விழுவதால், முற்பகல் வரை அந்தக் குளிர்ச்சி கலைவதில்லை. தடித்த மண்சுவரோ பகல் வெப்பத்தை வாங்கி, உட்புறம் வரை கடத்துவதற்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அது வந்து சேரும்போது வெளியே இரவாகிவிடும்.

இவை அனைத்தும் வீட்டில் இருப்பவர் உழைத்தால்தான் நடக்கும். முதல் ஆண்டு நாங்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. காற்று வரட்டும் என்று பகலிலும் கதவுகளைத் திறந்து வைத்து, சுவர்களில் அனலை நாங்களே ஏற்றிக்கொண்டோம். பிறகு உரிமையாளரின் தாயார் ஒருநாள் வந்திருந்தபோது, சூரியன் மதிலைத் தாண்டுவதற்கு முன் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும், மாலையில் முற்றத்துத் தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, இருட்டிய பின்னரே திறக்க வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய பின், அக்டோபர் இறுதியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை ஏசியைத் தொடுவதேயில்லை. மே மாதத்தில் பிற்பகலில் மட்டும் சில மணி நேரம் தேவைப்படுகிறது. இருவரும் காலையில் வேலைக்குக் கிளம்பி இரவில் திரும்பும் குடும்பத்துக்கு, இந்த ஒழுங்கைக் காப்பது கடினமாக இருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் நிலை வேறு. இரவிலும் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில், திறந்து வைத்தாலும் சுவர்கள் குளிர்வதற்கு வழியில்லை. மண்சுவர் சேர்த்துவைத்த வெப்பத்தையே நமக்குத் திருப்பித் தருகிறது. இதை வீட்டின் குறை என்று நான் எழுதமாட்டேன். எண்ணெய் வளத்துக்கு முந்தைய காலத்தில், கரையோரக் குடும்பங்கள் பல கோடையில் தங்கள் வீடுகளையே விட்டு, அல் ஐன், லிவா போன்ற பாலைவனச் சோலைகளுக்கு ஒட்டகங்களில் புறப்பட்டுப் போயின. ‘மகீழ்’ என்று அந்தக் கோடை வாசத்துக்குப் பெயர். சோலைகளில் பேரீச்சை ஓலையால் வேய்ந்த ‘அரீஷ்’ குடில்களில், ஃபலஜ் வாய்க்கால் நீரும் மரநிழலும் அருகிருக்க, பேரீச்சை அறுவடை முடியும் வரை தங்கினார்கள். எந்தச் சுவரும் ஆகஸ்டைத் தனியாக வென்றதாக அவர்களே சொல்லிக்கொண்டதில்லை. நாங்கள் அந்த இரண்டு மாதங்களிலும் ஏசி போட்டுக்கொள்கிறோம். ஒருமுறை குளிரூட்டிவிட்டால் நிறுத்திய பிறகும் வெகுநேரம் குளிர் நிற்பதால், முன்பு வசித்த மெல்லிய சுவர் கொண்ட அடுக்ககத்தைவிட மின்கட்டணம் தெளிவாகவே குறைகிறது. கூரையின் மேல் பதித்த வெப்பத்தடுப்புப் பலகைக்கும் வெள்ளை ஓட்டுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. வீட்டின் சிறப்புகளைச் சொல்லும்போது யாரும் பெருமையாகக் குறிப்பிடாத பகுதி அது. வீடு கட்டுகிறவர்கள் முதல் பணத்தை அதற்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி பர்ஜீல். நான்கு பக்கமும் திறந்து, உள்ளே குறுக்குச் சுவர்களால் பிரிக்கப்பட்ட இந்தக் கோபுரம், எந்தத் திசையிலிருந்து வரும் காற்றையும் பிடித்துக் கீழே விருந்தினரை அமர்த்தும் மஜ்லிஸ் அறைக்குள் இறக்குகிறது. மார்ச் மாத மாலைகளில் அதன் அடியில் அமர்ந்திருப்பது பேரின்பம். ஆனால் வடமேற்கிலிருந்து வரும் ஷமால் காற்று வீசும் நாட்களில் அதே வழியாகப் புழுதியும் இறங்குகிறது. முதல் கோடைக்குள் மைனாக்கள் கூடு கட்டிவிட்டன. பிறகு மேலே வலையும், கீழே மரக்கதவும் பொருத்தினோம். பழைய வீடுகளிலும் குளிர்காலத்தில் அடைப்பதற்குக் கதவு இருந்ததாம். அபுதாபியின் மஸ்தார் நகரில் நிற்கும் 45 மீட்டர் உயரக் காற்றுக் கோபுரத்தின் அடியிலும் நின்று பார்த்திருக்கிறேன். அங்கும் எனக்கு ஆறுதல் தந்தவை, கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நிழல் தரும்படி நெருக்கி அமைத்த குறுகிய தெருக்களே.

மஷ்ரபியா மரச்சல்லடைகள் வெயிலைச் சல்லடையாக்கி உள்ளே விடுகின்றன. தூசியைத் துடைக்க வாரம் ஒருமுறை தூரிகை வேண்டும். பகலிலும் உள்ளறைகள் மங்கலாக இருப்பதால், பிள்ளைகள் படிக்கும் மேசையை முற்றத்தை ஒட்டி நகர்த்தினோம். வாசலில் நுழைந்ததும் வழி ஒருமுறை திரும்பும். கதவு திறந்திருந்தாலும் தெருவிலிருந்து முற்றம் தெரியாது. விருந்தினர் மஜ்லிஸுக்கோ தனிக் கதவு. இந்த நாட்டின் வேறெந்த வீட்டிலும் என் மனைவி இவ்வளவு நிம்மதியாக வெட்டவெளியில் அமர்ந்ததில்லை.

பராமரிப்பு பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். செடிகளுக்கு ஊற்றிய நீர் சுவரடியில் ஏறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்தது. ஓர் ஒப்பந்தக்காரர் அந்த இடத்தில் சிமென்ட் பூசினார். ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓராண்டுக்குள் அது பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. மண்சுவருக்குச் சுண்ணாம்பைத் தவிர வேறெதையும் அனுமதிக்காதீர்கள். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழையில், அல் ஐனின் கத்ம் அல் ஷக்லா பகுதியில் மட்டும் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் பதிவானது. எங்கள் முற்றத்தின் வடிகால் புழுதியாலும் இலைகளாலும் அடைபட்டுக் கணுக்கால் அளவு நீர் நின்றது. சுவரடி காய்வதற்கு ஜூன் வரை ஆயிற்று. உரிமையாளர் உடனே இரண்டாவது வடிகாலைத் திறந்து, சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல் பதித்துக் கொடுத்தார்.

வாடகை ஒப்பந்தத்தை இவ்வாண்டும் புதுப்பித்திருக்கிறோம். பிற்பகல் வெயிலை நேராக வாங்கும் மேற்குச் சுவருக்கு ஓர் அரை மீட்டர் இடைவெளி விட்டு, அரீஷ் முறையில் ஓலைத் தட்டி கட்டித் தருமாறு கேட்டிருக்கிறேன். பேரீச்சை மட்டைகள் வந்து இறங்கிவிட்டன. அடுத்த கோடைக்குள் கட்டி முடித்துவிடுவோம்.