125 சிசி ஸ்கூட்டரில் கன்னியாகுமரி வரை: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

ஆபீஸ் போய்வர வாங்கிய 125 சிசி ஸ்கூட்டர்தான். அதில் சென்னையிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போகிற பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஓடோமீட்டர் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது மைலேஜ், அடுத்தது "அவ்ளோ தூரம் சலிப்பா இருக்காதா?" மைலேஜுக்குப் பதில் சுலபம்: தனியாக, நிதானமாகப் போனால் 50 பக்கம் தருகிறது, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 45. இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

நீண்ட பயணத்தில் உற்சாகமாக இருப்பதற்கு மன உறுதி வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இடுப்பு வலிக்காமல், வெயில் மண்டையில் ஏறாமல், இருட்டுவதற்குள் இன்ன ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்கிற கெடு இல்லாமல் இருந்தால் யாருக்குமே முகம் மலர்ந்துதான் இருக்கும். இந்த மூன்றில் ஒன்று கெட்டாலும் எந்தத் தன்னம்பிக்கை வாசகமும் உதவாது. நான் இங்கே சொல்வதெல்லாம் இந்த மூன்றைப் பற்றித்தான்.

முதலில் இடுப்பு. ஸ்கூட்டரில் காலை நேராகத் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்கார்வது போல உட்கார்கிறோம். பைக்கில் தொடையால் டேங்கைப் பிடித்துக்கொண்டு பாரத்தைக் கொஞ்சம் காலுக்குக் கொடுக்கலாம். இங்கே முழுப் பாரமும் வால் எலும்பில். சக்கரம் சின்னது, எஞ்சினின் கனமும் பின்பக்கம். சாலையில் உள்ள ஒவ்வொரு ஒட்டும் முதுகுத்தண்டுக்கு நேராக வந்து சேரும். இதற்கு விலை உயர்ந்த சீட் கவர், ஜெல் தலையணை எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஓரளவுக்கு உதவின. முழுதாக உதவியது ஒன்றே ஒன்று: வலி வருவதற்கு முன்பே இறங்கிவிடுவது. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, டீ வேண்டுமோ வேண்டாமோ, வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நடக்கிறேன். வலி வந்த பிறகு இறங்கினால் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் அது போகாது.

ஸ்கூட்டருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஃபுட்போர்டு தட்டையாக இருப்பதால் காலை முன்னே, பின்னே, குறுக்கே என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அங்கே பை எதையும் வைப்பதில்லை. சாமான் எல்லாம் டிக்கியிலும், பின் சீட்டில் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றிலும் போய்விடும். டயர் காற்றையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டிக் கையேட்டில் முன்னால் 22, பின்னால் 29, இருவர் போனால் பின்னால் 36 என்று போட்டிருக்கிறது. பங்கில் காற்றடிக்கும் தம்பி "முப்பது முப்பது வச்சுடவாண்ணே?" என்பார். அப்படி வைத்தால் முன்சக்கரம் சின்னக் கல்லுக்கும் துள்ளும். சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

வேகம் 50 முதல் 55. இதற்கு மேல் போக வண்டி மறுக்காது. 80 கூடத் தொடும். ஆனால் 65 தாண்டினால் கைப்பிடி அதிரத் தொடங்குகிறது, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி நடுங்குகிறது, கவனம் முழுக்கச் சாலையின் குழிகளுக்கே போய்விடுகிறது. 50-ல் போனால் வயலில் நாற்று நடுகிறார்களா, களை எடுக்கிறார்களா என்று தெரியும். கருவாட்டு வாடை எந்த ஊரில் தொடங்குகிறது என்று தெரியும். சென்னையிலிருந்து புதுச்சேரி வரையிலான 150 கிலோமீட்டர் மட்டும் இதற்கு விதிவிலக்கு. வார இறுதியில் அங்கே கார்க்காரர்கள் ஓட்டுகிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் உற்சாகம் வராது. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில், விடிவதற்கு முன் கிளம்பி, மாமல்லபுரத்தைத் தாண்டி வெளிச்சம் பார்த்தால் அந்தப் பகுதி முடிந்த மாதிரி. சுங்கச் சாவடிகளில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரப் பாதையில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம். அங்கே வரிசையில் நிற்கும் பெரிய கார்களைக் கடக்கும்போது வரும் அற்ப சந்தோஷத்தையும் நான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

என் கணக்கில் நல்ல சாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கேதான் ஆரம்பிக்கிறது. கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால் எல்லாம் பார்க்க வேண்டிய ஊர்கள்தான். தரங்கம்பாடியில் 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும் அதன் முன் கடலும் ஒரு காலை நேரத்தை விழுங்கிவிடும். ஆனால் வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று போகிற அந்த நீளத்தில் போக்குவரத்தே குறைவு. வேதாரண்யத்தில் சாலையோரம் உப்புக் குவியல்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். மல்லிப்பட்டினம் அருகே மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடச் சரபோஜி மன்னர் எழுப்பிய கோபுரம் அது. தஞ்சாவூர் ராஜாவுக்கு நெப்போலியனோடு என்ன வம்பு என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்.

இந்தப் பகுதியில் ஸ்கூட்டர் செய்கிற பெரிய உபகாரம் பேச்சுத் துணை. ஜாக்கெட், பூட்ஸ், பெரிய பைக் என்று போனால் சின்னப் பையன்கள் மட்டும்தான் கிட்ட வருவார்கள். ஸ்கூட்டருக்கு யாரும் கூச்சப்படுவதில்லை. மீமிசல் டீக்கடையில் ஒரு பெரியவர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு,

"மெட்ராஸ்லேர்ந்து இதுலயா வர்றீங்க தம்பி?"

"ஆமாங்கய்யா."

"ஏன், பஸ் கெடைக்கலியா?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரே டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார், ஏதோ கஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்கிற மாதிரி. அந்த ஊர்களில் வழி கேட்கவும் போனை எடுப்பதில்லை. போய்ச்சேரும் நேரத்தை அது காட்டிக்கொண்டே இருந்தால் அதோடு போட்டி போடத் தோன்றும். மனிதர்களிடம் கேட்டால் "இந்தா, கிட்டத்துலதான்" என்பார்கள். அது நாலு கிலோமீட்டரும் ஆகலாம், நாற்பதும் ஆகலாம். எப்படியும் கோபம் வராது.

வெயில் விஷயத்தில் மட்டும் நான் கறார். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வண்டி ஓடாது. மாசியிலேயே ராமநாதபுரம் பக்கம் தார் ரோட்டில் அனல் ஏறும். காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்வை தெரியாது, உடம்பு வற்றுவதும் தெரியாது. தலை லேசாக வலித்து, எதிரே வருபவன் எல்லாம் முட்டாளாகத் தெரிய ஆரம்பித்தால் அது தண்ணீர் கேட்கிற அறிகுறி. தண்ணீர் பாட்டிலை டிக்கிக்குள் வைத்தால் அடியில் இருக்கும் எஞ்சின் சூட்டில் வெந்நீராகிவிடும், முன்பக்கக் கொக்கியில் துணிப்பையில் மாட்டுங்கள். சாக்லேட், மாத்திரைக்கும் அதே கதிதான்.

தனுஷ்கோடி தனி அனுபவம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். முன்பு மணலில் ஜீப், வேன் வைத்துத்தான் போக வேண்டும். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கோடு போட்ட மாதிரி சாலை. எடை குறைந்த ஸ்கூட்டரைப் பக்கக் காற்று தள்ளும். பாம்பன் பாலத்திலும் இதே கதை. கையை இறுக்கினால் வண்டி இன்னும் ஆடும். பிடியைத் தளர்த்தி 40-க்கு இறங்கினால் தானாக நேராகிவிடும். பாலத்தின் மேல் நின்று ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்கிற கூட்டத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், பின்னால் வரும் பேருந்துக்கு இடம் இருக்காது. தை அமாவாசையை ஒட்டி ராமேஸ்வரத்தில் அறையும் தேடாதீர்கள். அங்கிருந்து திரும்பியதும் எந்த ஊரிலாவது வாட்டர் சர்வீஸ் கொடுத்துவிட வேண்டும். உப்புக் காற்று சைலன்ஸரையும் போல்ட்டுகளையும் மெதுவாகத் தின்கிறது. என் வண்டியில் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் துருப்பிடித்தது இந்தப் பயணங்களின் உபயம்.

கெடு இல்லாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று சாயல்குடி காட்டியது. ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பெல்ட் அறுந்துவிட்டது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட்தான். அது போனால் தள்ளுவதைத் தவிர வழியில்லை. கிளம்பும் முன் சர்வீஸ் விட்ட இடத்தில் "இன்னும் தாங்கும் சார்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். தேங்காய் இறக்கிவிட்டுக் காலியாக வந்த குட்டியானைக்காரர் வண்டியை ஏற்றி ஊருக்குள் ஒரு மெக்கானிக் கடையில் இறக்கினார். மெக்கானிக் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த சைஸ் எங்கிட்ட இல்ல. ராம்நாட்ல சொல்லி பஸ்ஸுல குடுத்து விடச் சொல்றேன். ஒரு தூக்கம் போட்டு எந்திரிங்க" என்றார்.

தூத்துக்குடியில் அறைக்கு முன்பணம் கட்டியிருந்தால் அன்று மாலை முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மனிதரை நச்சரித்திருப்பேன். கட்டவில்லை. பனங்காட்டுப் பக்கம் நடந்தேன், பதநீர் சீசன் தொடங்கியிருந்தது, பனை ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தார்கள். பெல்ட் கண்டக்டர் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதிலிருந்து டிக்கியில் ஒரு பெல்ட் நிரந்தரமாக இருக்கிறது. இருபதாயிரம் கிலோமீட்டர் நெருங்கினால் யார் என்ன சொன்னாலும் மாற்றிவிடுகிறேன், பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் ரோலர்களையும் சேர்த்து. டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஸ்பார்க் பிளக், இரண்டு பல்பு. இவ்வளவுதான் என் பாதுகாப்பு. டேங்க் ஐந்து லிட்டர்தான் பிடிக்கும், பாதி முள் வந்ததும் நிரப்பிவிடுவேன்.

தூத்துக்குடிக்கு அப்புறம் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று வழி தானாகவே இழுத்துக்கொண்டு போகும், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூத்துக்குடியில் வாங்கிய மக்ரூன் இனிப்புப் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், நெஞ்சோடு அணைத்து வந்தாலும் நொறுங்கும். கன்னியாகுமரி வந்துவிட்டால் மொத்தம் 800 கிலோமீட்டரை ஒட்டி ஆகியிருக்கும், தனுஷ்கோடி போய்வந்தது தனி.

திரும்பி வருவதுதான் சோதனை. நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, திருச்சி என்று நான்கு வழிச்சாலையில் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் வரை நன்றாக இருக்கும். அதன் பிறகு நேர்கோடு, லாரி, மறுபடி நேர்கோடு. 50-ல் போகிற வண்டிக்கு அது இடமில்லை. ஒவ்வொரு பேருந்தும் காற்றால் ஒரு அறை கொடுத்துவிட்டுப் போகும். போன உற்சாகம் விருதுநகருக்குள் தீர்ந்துவிடும். அதனால் நான் வண்டியை ரயிலில் போட்டுவிடுகிறேன். நாகர்கோவில் பார்சல் ஆபீஸுக்கு ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் எடுத்துப் போங்கள், ரயில் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே. சாக்கு சுற்றிக் கட்டித்தர வெளியிலேயே ஆட்கள் இருப்பார்கள், கூலியைப் பேசிவிட்டுக் கொடுங்கள். கண்ணாடிகளைக் கழற்றி உங்கள் பையில் வையுங்கள். பெட்ரோலை முழுக்க இறக்கிவிடச் சொல்வார்கள், எனவே கடைசி நாளில் டேங்கை நிரப்பாதீர்கள். எழும்பூரில் இறக்கும்போது வண்டியில் சொட்டுப் பெட்ரோல் இருக்காது. பக்கத்துப் பங்க் வரை தள்ளிக்கொண்டு போகக் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்திருங்கள்.